எஃகினுள் ஒரு கைப்பிடி அருமண்

(மாழையியல் பற்றிய தமிழ்ப் பொழிவின் எழுத்து வடிவம்)



உருகிக் கொதிக்கும் எஃகு 1000 கிலோ கிராம். அதனுள் இடப்படும் அருமண் மாழை 200 கிராம். ஐயாயிரத்தில் ஒரு பங்கு. ஓர் ஆளின் உள்ளங்கையில் அடங்கிவிடும் கட்டி. அச்சிறு கட்டி கரைந்த எஃகைத் தகடாக உருட்டிக் குறுக்குவாட்டில் மடித்தால், முன்பு விரிசல் கண்ட தகடு இப்பொழுது ஒடியாமல் மடிகின்றது. கடுங்குளிரில் ஓடுபோல் தெறித்த எஃகு சம்மட்டியடியைத் தாங்குகின்றது. இஃது ஓர் ஆலையின் பட்டறிவு. வேறோர் ஆலையிலோ, அதே 200 கிராமை இட்டவர்கள், எஃகு முன்னினும் கெட்டதென்றும், வார்ப்புக் குழலின் வாய் அடைத்துக்கொண்டதென்றும் கூறி அருமண்ணைக் கைகழுவினர். இவ்விரு கூற்றும் மெய்யே. ஒரே பொருள் ஓரிடத்தில் மருந்தாகவும் மற்றோரிடத்தில் நஞ்சாகவும் ஆனமைக்குக் கரணியம் யாது? எழுபது ஆண்டுகளாக மாழையியலாரை அலைக்கழித்த அவ்வினாவே இப்பொழிவின் பொருள்.

முதலில் பெயரைத் தெளிதல் நன்று. அருமண் என்பது ஒரு பொருளன்று. 17 தனிமங்களைக் கொண்ட ஒரு குடும்பம். இலாந்தனம் தொடங்கி உலூத்தீசியம் ஈறாகப் பதினைந்து. அவற்றோடு உறவுடைய இசுக்காண்டியமும் இற்றியமும் சேரப் பதினேழு. நீரிற் கரையாததும் தீயில் மாறாததுமான உயிர்வளிச் சேர்மங்களைப் பழைய மேலை வேதியலார் 'மண்' என்றே அழைத்தனர். அவற்றுள் புதியனவாகவும் ஓரிரு இடங்களில் மட்டும் கிடைப்பனவாகவும் தோன்றியவற்றை 'அரிய மண்' என்றனர். உண்மையில் இவை அவ்வளவு அரியனவல்ல. இக்குடும்பத்தில் மிகுதியானதாகிய சீரியம், புவியோட்டில் ஏறத்தாழச் செம்பின் அளவுக்கு உண்டு. ஆகவே மேலையர் இட்ட பெயர் பொருட்பிழை உடையது.

தமிழ்ச் சொல்லுக்கோ அப்பிழை இல்லை. 'அரு' என்னும் அடை கிடைத்தற்கு அரியதை மட்டும் குறிப்பதன்று. செய்தற்கு அரியதையும் குறிக்கும். அருவினை என்பது கிடைக்காத வினையன்று. முடித்தற்கு அரிய வினை. அருஞ்சுரம் என்பது கடத்தற்கு அரிய சுரம். இத்தனிமங்கள் ஒட்டிப்பிறந்த உடன்பிறப்புகளைப் போல ஒரே கனிமத்துள் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பன. அவற்றை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுக்க மாந்தர்க்கு ஒரு நூற்றாண்டுக்கு மேல் பிடித்தது. பிரித்தற்கு அரிய மண்ணாதலின் அருமண். மொழிபெயர்ப்பாக வந்த சொல், முதற்சொல்லைவிடத் திருத்தமாக அமைந்துவிட்டது. அறிவியலைத் தமிழிற் சொன்னால் பொருள் சிதையும் என்று கூறித் திரிவோர் இவ்வொரு சொல்லையேனும் எண்ணிப் பார்ப்பாராக.

இவற்றின் கதை சுவீடன் நாட்டில் தொடங்குகின்றது. 1787-இல் இற்றர்பி என்னும் சிற்றூரின் கற்குழியில் ஒரு கரிய கல் கண்டெடுக்கப்பட்டது. 1794-இல் பின்லாந்தியரான கடோலின் அக்கல்லுள் ஒரு புதிய மண் இருப்பதை வெளிப்படுத்தினார். 1803-இல் சுவீடனின் பெர்சீலியசும் இசிங்கரும் ஒருபுறமும், செருமனியின் கிளாப்புரோத்து மற்றொருபுறமுமாகச் சீரியத்தின் மண்ணைக் கண்டனர். சீரியத்துள் ஒளிந்திருந்த மற்றொன்றை 1839-இல் மொசாண்டர் பிரித்து, 'மறைந்திருப்பது' என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லால் இலாந்தனம் என்று பெயரிட்டார். பெயர்கள் பல, பயன்தான் நெடுநாள் வரை ஒன்றுமில்லை.

பயன் வந்தது விளக்கின் வழியாக. ஆத்திரிய நாட்டு வேதியலார் ஆவர் வான் வெல்சுபாக்கு, வளிவிளக்கின் சுடரில் வெண்ணிற ஒளி காலும் வலையை உருவாக்கினார். அவ்வலையில் 99 பங்கு தோரியமும் 1 பங்கு சீரியமும், இரண்டும் உயிர்வளிச் சேர்மங்களாய் இருந்தன. தோரியத்தை எடுத்தபின் எஞ்சிய அருமண் ஆலையில் குப்பையாய்க் குவிந்தது. அக்குப்பையைப் பிரிக்காமலே மாழையாக்கி, அதனோடு இரும்பைச் சேர்த்து, உரசினால் தீப்பொறி தெறிக்கும் கல்லாக 1903-இல் அவரே காப்புரிமை பெற்றார். தீமூட்டியில் பொறிபறக்கும் சிறு கல் இன்றும் அதுவே. பிரிக்காத அக்கலப்பு மாழையில் ஏறத்தாழப் பாதி சீரியம், காற்பங்கு இலாந்தனம், எஞ்சியவற்றுள் பெரும்பகுதி நியோடிமியமும் பிரசியோடிமியமும். எஃகுலைக்குள் முதன்முதலாகச் சென்றது இக்கலப்பு மாழையே. உரசினாலே தீப்பற்றுமளவுக்கு உயிர்வளியின்மேல் வேட்கை கொண்ட மாழை இது என்பதை மட்டும் இங்கு நினைவில் இருத்துக. பின்வரும் நன்மை தீமை அனைத்தும் அவ்வேட்கையினின்று பிறப்பனவே.

இனி எஃகின் பக்கம் வருவோம். இரும்போடு சிறிதளவு கரிமம் கூடியது எஃகு. ஆனால் எவ்வளவு தூய்மை செய்தாலும் உருக்கில் சில பகைகள் ஒட்டிக்கொண்டே வரும். அவற்றுள் தலையாயவை இரண்டு: கந்தகமும் உயிர்வளியும். கந்தகம் இரும்போடு கூடினால் உண்டாகும் கலவை 988 பாகை வெப்பத்திலேயே உருகிவிடும். எஃகைச் சம்மட்டியால் அடிப்பதும் உருளையில் இழுப்பதும் அதனினும் மேற்பட்ட வெப்பத்தில். எஃகென்பது கண்ணுக்குத் தெரியாத சிறு பரல்கள் நெருங்கி அடுக்கப்பட்ட ஓர் உடம்பு. பரலுக்கும் பரலுக்கும் இடையே கந்தகக் கலவை நீராய் ஓடிப் படர்ந்துவிட்டால், செக்கச்செவேலெனக் காய்ந்த இரும்பு அடிபட்டவுடன் பொலபொலவென உதிரும்.

இப்பகையைக் கட்டிப்போட முதலிற் கண்ட மருந்து மங்கனம். அதன் வரலாற்றில் தமிழகத் தொடர்பு ஒன்றுண்டு. கும்பினியாரின் அலுவலராய்த் தமிழகத்தில் இருந்த சோசையா மார்சல் ஈத்து என்பார், 1830-களில் பரங்கிப்பேட்டையில் இரும்பாலை நடத்தியவர். சேலம் வட்டாரக் கொல்லர்கள் சிறு மட்கலத்தில் இரும்பையும் ஆவாரங்கட்டையையும் பச்சிலையையும் இட்டு, வாயை மண்ணால் பூசி, ஊதுலையில் உருக்கு வடிக்கும் முறையைக் கண்டு எழுதியவர். அவரே பின்னர் இங்கிலாந்து சென்று, உருக்கில் மங்கனக் கரிமத்தைச் சேர்க்கும் முறைக்கு 1839-இல் காப்புரிமை பெற்றார். செபீல்டு நகர எஃகுத் தொழில் அதனால் கொழித்தது. அவருக்கோ வழக்குகளே மிஞ்சின. மங்கனக் கரிமமாக இடாமல், மங்கனத் தாதுவையும் கரியையும் தனித்தனியே கலத்தில் இட்டு, காப்புரிமைச் சொற்களைப் பிறர் ஏய்த்தனர். 1851-இல் அவர் இறக்கும்போதும் வழக்கு முடியவில்லை. சேலத்துக் கொல்லர்க்குக் காப்புரிமை என்ற பேச்சே இல்லை என்பது வேறு கதை.

மங்கனம் கந்தகத்தைப் பிடித்துக்கொண்டால் உண்டாகும் சேர்மம் 1600 பாகைக்கு மேலேதான் உருகும். ஆகவே சூட்டில் உதிரும் நோய் தீர்ந்தது. ஆனால் வேறொரு நோய் உள்ளே தங்கிற்று. மங்கனக் கந்தகத் துகள் சூட்டில் மென்மையானது. பிசைந்த மாவில் வெல்லக்கட்டி கிடந்தால், மாவை உருட்ட உருட்ட அதுவும் உடன் இழுபட்டு நீளுமன்றோ? அவ்வாறே உருட்டாலையில் எஃகு நீளும்போது இத்துகள்களும் நீண்டு, இழைகளாய்க் கோடு போட்டுப் படிந்துவிடும். அதன்பின் அத்தகடு மூங்கிலைப் போன்றது. மூங்கில் நெடுக்கில் இழுத்தால் வலிது. நெடுக்கில் கத்தியை வைத்துத் தட்டினால் எளிதிற் பிளக்கும். நெடுக்கில் வலிய எஃகு, குறுக்கில் மெலிந்து நின்றது.

பாலத்து உத்தரத்துக்கும் கட்டடத் தூணுக்கும் இக்குறை பெரிதாகத் தோன்றவில்லை. எரிவளியையும் கன்னெயையும் நூற்றுக்கணக்கான கல் தொலைவு கொண்டுசெல்லும் பெருங்குழாய்கள் வந்தபின்புதான் இடர் விளங்கிற்று. குழாயுள் அழுத்தம் எத்திசையில் உந்துமென்று பாருங்கள். சுற்றளவை விரிக்கும் திசையில் அது மிகுதியாய் உந்தும். உருட்டிய தகட்டுக்கு மெலிந்த திசை பெரும்பாலும் அதுவே. வலிமை கூட்டப்பட்ட புதிய எஃகுகளில் இம்மெலிவு மேலும் உறுத்திற்று. உந்துகளின் சட்டங்களுக்காகத் தகட்டை மடிக்கும்போது மடிப்பின் ஓரம் கிழிந்தது.

இங்கேதான் சீரியம் அரங்கேறுகின்றது. 1970-இல் இலூயிக்சு, பெல், மெக்லீன், கோர்ச்சின்சுகி என்னும் நால்வர் அமெரிக்க மாழையியல் இதழில் ஓர் ஆய்வு வெளியிட்டனர். கலப்பு மாழை சேர்த்த எஃகில் கந்தகத் துகள்கள் நீளவில்லை, உருண்டையாகவே இருந்தன. மாவில் வெல்லத்துக்கு மாற்றாகக் கடலைப்பருப்பு கிடந்தாற் போல, மாவு நீண்டது, பருப்பு நீளவில்லை. சீரியமும் கந்தகமும் உயிர்வளியும் கூடிய துகள் எஃகின் உருட்டுச் சூட்டில் வன்மை குன்றாமல் நிற்பதே கரணியம். குறுக்குவாட்டு உரம் நெடுக்குவாட்டு உரத்தை எட்டிப்பிடித்தது. கந்தகத்தின் எடையைப்போல் ஏறத்தாழ மும்மடங்கு அருமண் இருந்தால் மங்கன இழைகள் தோன்றா என்பதும் தெளிவாயிற்று. அப்பத்தாண்டில் அமெரிக்க எஃகாலைகள் கலப்பு மாழையை வாரி வாங்கின.

அருமண் எஃகினுள் செய்யும் பணிகளில் இவ்வுருமாற்றம் ஒன்று. அதற்கும் முற்பட்டது தூய்மை செய்தல். உருக்கினுள் நுழைந்ததும் சீரியம் முதலில் தேடுவது உயிர்வளியையே. அது தீர்ந்தபின் உயிர்வளியும் கந்தகமும் கலந்த சேர்மம். அதன்பின் தனிக் கந்தகச் சேர்மம். இவ்வரிசை மாறாது. எஃகாலையார் உயிர்வளியை நீக்க வழக்கமாக இடுவது அலுமினியம். அது விட்டுச்செல்லும் துகள் மாணிக்கக் கல்லுக்கு உறவானது. மிக வன்மையும் கூர்முனையும் உடையது. எஃகு ஆறிச் சுருங்கும்போது இக்கல் அதற்கேற்பச் சுருங்காது. ஆகவே அதனைச் சுற்றி எஃகில் ஓர் இழுவிசை தங்கிவிடும். சுழலும் தாங்கியிலோ தண்டவாளத்திலோ சுமை ஏறி இறங்க, ஏறி இறங்க, அம்முனையிலிருந்து நுண்விரிசல் தொடங்கும். ஒரே அடியில் முறியாதது, நூறாயிரம் சிற்றடிகளில் களைத்து முறியும். அயர்வு என்று மாழையியலார் கூறுவது இதனையே. சீரியம் அலுமினியத் துகளைத் தாக்கி, அதன் உயிர்வளியைப் பறித்து, மென்மையும் உருண்டை வடிவும் உடையதாய் மாற்றுகின்றது. அப்புதிய துகள் எஃகோடு ஒத்துச் சுருங்கும்; விரிசலுக்கு முளை கொடாது.

மூன்றாவது பணி நுட்பமானது. சீரிய அணு இரும்பணுவைவிடப் பத்தில் நான்கு பங்கு பெரியது. நெருக்கமாய் அமர்ந்த அவையில் பருத்த ஆள் புகுந்தாற்போல், இரும்பின் அணுவரிசையுள் அதற்கு இடமில்லை. ஆகவே கரையும் அளவு மிகச் சிறிது. கரைந்ததும் இடம் தேடிப் பரல்களின் எல்லையில் ஒதுங்கும். ஒதுங்கிய இடத்தில் சும்மா இருப்பதில்லை. பாசுவரம், ஆர்சனிக்கு, வெள்ளீயம் முதலிய வேண்டா விருந்தினர் பரல் எல்லையிற் குடியேறி எஃகை நொறுங்கச் செய்வர். அருமண் அவற்றைப் பிணைத்துச் சேர்மமாக்கி வலிகுன்றச் செய்யும். உருக்கு உறையத் தொடங்கும்போதும் அருமண் துகளுக்கு வேலையுண்டு. பளிங்கமைப்பில் இரும்புக்கு நெருங்கிய துகளின்மேல் இரும்பு எளிதாக முளைவிடும். முளை மிகுந்தால் பரல் சிறுக்கும். பரல் சிறுத்தால் உரமும் வலிமையும் ஒருங்கே வளரும். மாழையியலில் இவ்விரண்டும் ஒருங்கு வளரும் வழி இதுபோல் வேறு அரிது.

வெப்பந்தாங்கும் எஃகுகளில் அருமண் செய்யும் பணி இவையெல்லாவற்றினும் வியப்புடையது. எழுபது ஆண்டுச் சண்டையில் ஒருநாளும் ஐயுறப்படாததும் அதுவே. உலைக்குள் நாள் முழுதும் காயும் எஃகு துருப்பிடிப்பதில்லை, செதிள்விடும். குரோமியம் கலந்த எஃகின் மேற்புறத்தில் குரோமியச் செதில் ஒரு போர்வையாய்ப் படர்ந்து உள்ளே காக்கும். ஆனால் உலையை அணைத்துக் குளிரவிட்டால் போர்வை உரிந்து விழும், மீண்டும் சூடேற்றினால் புதுச் செதில், மீண்டும் உரிவு. இவ்வாறே எஃகு தேய்ந்து மாளும். சீரியமோ இற்றியமோ நூற்றில் ஒரு பங்கினும் மிகக் குறைவாகச் சேர்த்தால் செதில் உரியாமல் ஒட்டிக்கொள்ளும் என்பதற்கு இங்கிலாந்தில் பீல் என்பார் 1937-இலேயே காப்புரிமை பெற்றார்.

ஏன் ஒட்டுகின்றது? அருமண் இல்லாத செதிலில் குரோமியம் உள்ளிருந்து வெளியே ஊர்ந்து வந்து மேற்புறத்தில் உயிர்வளியோடு கூடும். அது விட்டுவந்த இடம் வெற்றிடமாகி, செதிலுக்கும் எஃகுக்கும் நடுவே பொத்தல் விழும். அருமண் அணுக்கள் செதிலின் பரல் எல்லைகளில் நின்று அவ்வழியை அடைத்துவிடும். பின்னர் உயிர்வளிதான் உள்ளே ஊர்ந்து வரவேண்டும். அப்பொழுது செதில் அடிப்புறத்தில், எஃகைத் தழுவியே வளரும். செதிலுக்கடியில் சென்று ஒட்டைக் கெடுக்கும் கந்தகத்தையும் அருமண் முன்பே கட்டிப்போட்டுவிடும். சுவீடன் ஆலையொன்று உருவாக்கிய 253 எம்.ஏ. என்னும் எஃகு, 21 விழுக்காடு குரோமியத்தோடும் 11 விழுக்காடு நிக்கலோடும் சிறிதளவு சீரியமும் சேர்ந்து 1100 பாகை வரை தாங்குவது. சீரியம் முதலில் பிறந்த நாட்டார், 150 ஆண்டுகளுக்கும் மேல் கழித்து அதனை எஃகிலேயே குடிவைத்தனர்.

இத்துணைச் சிறப்பிருந்தும் உருட்டு எஃகில் அருமண் ஏன் கைவிடப்பட்டது? முன்னே சொன்ன வேட்கையே பகையாயிற்று. உருக்கின்மேல் வீசினால் பாதி வழியிலேயே எரிந்து கசடாகும். அலுமினியத் துகள் நீரினும் நாலு மடங்கு அடர்த்தியுடையது; ஏழு மடங்கு அடர்த்தியுடைய உருக்கில் மிதந்து மேலே போய்விடும். சீரியத் துகளோ ஆறு மடங்கு அடர்த்தியுடையது, எளிதில் மிதவாது, உள்ளேயே அலையும். தொடர்வார்ப்பில் உருக்கு இறங்கும் குழலின் சுவர் அலுமினியக் கல்லால் ஆனது. சீரியம் அச்சுவரையே தின்னத் தொடங்கும். தின்ற இடத்தில் துகள்கள் ஒட்டி ஒட்டிக் குழல் அடைபடும். 'கூடப் போட்டால் நன்று' என்று அள்ளிப்போட்டவர்க்கோ கேடு இரட்டை. மிகுந்த சீரியம் இரும்போடு கூடி, 600 பாகைக்கும் கீழே உருகும் கலவையாய்ப் பரல் எல்லையில் ஓடும். கந்தகம் செய்த அதே கேட்டை, கந்தகத்தை ஒழிக்க வந்ததே செய்தது.

1970-களின் இறுதியிலிருந்து கால்சியம் அவ்விடத்தைப் பிடித்தது. கால்சியத் துகள் இலேசானது, மிதந்து விலகும், விலையும் குறைவு. அதனோடு, உருக்கிலேயே கந்தகத்தை 0.005 விழுக்காட்டுக்கும் கீழே இறக்கும் வழிகளும் வந்தன. பகைவனே இல்லாதபோது காவலன் எதற்கு என்று மேலை நாடுகள் அருமண்ணை ஒதுக்கின.

சீனம் ஒதுக்கவில்லை. உள்மங்கோலியத்தின் பயான் ஓபோ மலையில் இரும்பும் அருமண்ணும் ஒரே குழியில் கிடைப்பன. பாவுதோ எஃகாலை அருமண் சேர்த்த தண்டவாளம் வடித்துவந்தது. ஆனால் அங்கும் முடிவுகள் இன்று நன்றும் நாளை தீதுமாக ஆடின. அவ்வாட்டத்தின் முடிச்சை சென்யாங்கு நகர மாழை ஆராய்ச்சிக் கழகத்தார் 2022-இல் 'நேச்சர் மெட்டீரியல்சு' இதழில் அவிழ்த்துக் காட்டினர். எஃகில் உயிர்வளி குறைவாக இருக்கவேண்டும் என்பது யாவரும் அறிந்ததே. இடப்படும் அருமண் மாழையிலேயே உயிர்வளி ஒளிந்திருப்பதை யாரும் கருதவில்லை! மருந்தோடு நோயும் சேர்ந்தே ஊட்டப்பட்டது. எஃகு, அருமண் ஆகிய இரண்டிலும் உயிர்வளியை மிகக் குறைத்தபோது, பத்து இலக்கத்தில் சில பங்கு அருமண்ணே தாங்கி எஃகின் இழுப்பு-அமுக்கு அயர்வு வாழ்நாளை 40 மடங்காக்கியது. உருள் அயர்வு வாழ்நாள் 40 விழுக்காடு கூடிற்று. கரிமம் எஃகினுள் ஊரும் விரைவையும் அருமண் குறைப்பதாக அவர்கள் கண்டனர். தூய்மையற்ற எஃகில் அருமண் துப்புரவாளனாகவே உழைத்து மாய்ந்துபோகும். தூய எஃகில்தான் அதன் சொந்தப் பண்பு வெளிப்படும். இரு ஆலைகள் இரு வேறு தீர்ப்பு வழங்கிய புதிர் இவ்வாறு விடுபட்டது.

சேலத்துக் கொல்லர் கலத்தின் வாயைப் பூசியதை இங்கு எண்ணலாம். காற்றுப் புகாமை எஃகுக்கு முதற்காப்பு என்பதைக் கைகள் அறிந்திருந்தன. அவர்கள் அருமண்ணை அறிந்திருந்தனர் என்று யாரேனும் மேடையேறிப் பேசினால் அது வீண்பெருமை. உள்ள பெருமையே போதும்.

அருமண்ணோ தமிழகக் கடற்கரையிலேயே கிடக்கின்றது. குமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கரையின் கருமணலில் இல்மனைட்டு, உரூட்டைல், சிர்க்கான், செம்மணிக்கல் ஆகியவற்றோடு மோனசைட்டு என்னும் பழுப்பு மணலும் உண்டு. அதில் பாதிக்கு மேல் அருமண். பத்தில் ஒரு பங்கை ஒட்டிய தோரியம். எஞ்சியது பாசுவரமும் பிறவும். திருவிதாங்கூர் ஆட்சியின்கீழ் அப்பகுதி இருந்தபொழுது, ஏற்றுமதியான கயிற்றில் ஒட்டியிருந்த மணலைக் கொண்டு செருமானியரான சோம்பர்க்கு 1909-இல் இதனை இனங்கண்டார். பின்னர்ப் பல ஆண்டுகள் அம்மணல் மணலாகவே கப்பலேறிற்று. ஐரோப்பியத் தெருக்களில் விளக்கு வலையாய் ஒளிர்ந்தது. கரைவாழ் மக்களுக்குக் கூலியும், கதிர்வீசும் மணலும் எஞ்சின. நடுவண் அரசின் அருமண் நிறுவனம் 1950-இல் அமைந்தது. 1952-இல் ஆலுவாயில் ஆலை தொடங்கிற்று. 1956-இல் குமரி தமிழகத்தோடு இணைந்தது. கிள்ளியூர் வட்டத்துக் கரையூர்களில் 1144 எக்டேர் நிலத்தில் மணல் அகழும் திட்டத்தை மக்கள் எதிர்த்தனர். 2024 அக்டோபரில் நடக்கவிருந்த கருத்துக்கேட்புக் கூட்டம் ஒத்திவைக்கப்பட்டது.

எதிர்ப்போரை 'வளர்ச்சிக்குப் பகைவர்' என்று தூற்றுவதும், 'எஃகுக்கும் காந்தத்துக்கும் அருமண் வேண்டாவா?' என்று வினவுவதும் எளிது. எஃகைப் பொறுத்தவரை கணக்கைப் போட்டுப் பார்த்தல் நன்று. ஒரு தொன்னுக்கு 200 கிராம் என்றே வைத்துக்கொண்டாலும், பத்து இலக்கம் தொன் எஃகுக்கு வேண்டுவது 200 தொன். இன்றைய தூய எஃகுக்கு அதனினும் குறைவே போதும். அதுவும் எந்த அருமண்? காந்தத்துக்கு வேண்டுவது நியோடிமியம். அதனைப் பிரிக்கும்போது வேண்டாமல் மிஞ்சுவன சீரியமும் இலாந்தனமும். எஃகு கேட்பதோ அவ்விரண்டைத்தான். ஆகவே எஃகின் பெயரால் ஒரு கரையையும் தோண்டவேண்டுவதில்லை. ஒருவரும் அவ்வாறு சொல்லி மீனவரை ஏய்க்க வேண்டுவதும் இல்லை. காந்தத்துக்காகத் தோண்டுவோர் அதனை வெளிப்படச் சொல்லி, கதிர்வீச்சுக்கும் கரையரிப்புக்கும் மறுமொழி கூறட்டும். அருமண் எஃகில் அரிதாயிருப்பது மணலன்று. அதை உயிர்வளி தீண்டாமல் உருக்கினுள் இறக்கும் கைத்திறன்.

அத்திறன் தமிழகத்துக்குப் புதிதன்று. எஃகின் உடன்பிறப்பாகிய வார்ப்பிரும்பில் அது நாள்தோறும் நடப்பது. வார்ப்பிரும்பினுள் கரி இதழ் இதழாய்ப் படிந்திருக்கும். ஒவ்வோர் இதழும் ஒரு விரிசல் போன்றது. ஆதலால் அது தட்டினால் உடையும். 1948-இல் இங்கிலாந்தின் மோரோ, சீரியம் சேர்த்தால் கரி உருண்டைகளாகத் திரளும் என்று காட்டினார். உடையும் இரும்பு வளையும் இரும்பாயிற்று. அதே காலத்தில் அமெரிக்காவில் மக்னீசியம் அப்பணியைச் செய்வதும் தெரியவந்தது. மலிவு கருதி இன்று இடப்படுவது மக்னீசியக் கலவையே. எனினும் அதில் சிறிது அருமண் உண்டு. பழைய இரும்போடு வந்துசேரும் ஈயம், தைட்டானியம் முதலிய மாசுகள் கரி உருண்டையைக் குலைக்காமல் காப்பது அந்தச் சிறிதே.

கோவை வட்டார வார்ப்பாலைகளில் இவ்வேலை செய்வோர்க்கு ஒன்று தெரியும். மருந்திட்ட உருக்கு காத்திராது. மக்னீசியமும் சீரியமும் கணந்தோறும் எரிந்தும் கசடாகியும் கழிந்துகொண்டே இருக்கும். நேரம் கடந்தால் உருண்டை மீண்டும் இதழாகும். வார்ப்பு வெளியே பார்க்க நன்றாயிருந்தும் உள்ளே கெட்டிருக்கும். விரைந்து வார் என்னும் கட்டளை வார்ப்பவர் அறிவார். ஏன் விரையவேண்டும் என்பது, மருந்துப் பையின்மேல் அவர் படியாத மொழியில் அச்சிடப்பட்டிருந்தால், பைக்குள்ளேயே கிடக்கும். கரணியம் தெரியாதவர் ஒருநாள் தூக்குபொறி பழுதாகிப் பிந்தினால், கெட்ட உருக்கையே வார்த்துவிட்டு வீடு திரும்புவார். உலைக்களத்துச் சுவரில் சுண்ணக்கட்டியால் எழுதிவைக்க நாலே வரி போதும்: 'மருந்திட்டதும் நேரம் குறி. பத்து மணித்துளிக்குள் வார்த்து முடி. பிந்தினால் மருந்து கழிந்து, உருண்டைக் கரி இதழாகும். பிந்திய உருக்கை அச்சில் ஊற்றாதே. உலையில் திரும்ப ஊற்று.'